பொடியெழுத்துக்காரி

என் தம்பியின் மனைவிக்கு ஒரு சித்தி உண்டு. அந்தச் சித்திக்கு மூன்று பெண்கள். மூத்தவள் கப்பல் வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போய்விட்டாள். கடைசிப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். நடுவில் பிறந்தவளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். என் தம்பிக்கு அவள் கொழுந்தியாள் முறை. எனக்கு என்ன முறை என்று சொல்ல வேண்டுமானால் நாலு தெரு சுற்றி வர வேண்டும். அவள் என்னை அண்ணி என்பாள், நான் அவளை வாம்மா போம்மா என்பேன். அவ்வளவு போதும்.

அவள் தொழில் என்னவென்று முதலில் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. இணையதளம் வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு, பக்கத்தின் அடியில் வரும் பொடியெழுத்துகளை எழுதிக் கொடுப்பது. "உங்களிடம் இன்ன விவரம் வாங்குகிறோம், இன்னதற்காக வைத்திருக்கிறோம், இத்தனை நாளில் அழிப்போம்" என்று சொல்லும் பக்கத்துக்குத் தனியுரிமைக் கொள்கை என்று பேர். "இந்தப் படமும் எழுத்தும் இன்னாருடையவை, கேட்காமல் எடுக்காதீர்கள்" என்ற வரிக்குப் பதிப்புரிமை அறிவிப்பு என்று பேர். போடுகிறவர் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிவிடுவார். பார்க்கிறவர் படிக்காமலே கீழே தள்ளிவிட்டு "சம்மதம்" என்று அமுக்குவார். இரண்டு பக்கமும் படிக்காத ஒன்றை எழுதுவதற்கு ஒருத்தி எதற்கு என்று நானும் நினைத்தவள்தான். என் தம்பி அவளுக்குப் பொடியெழுத்துக்காரி என்று பேர் வைத்துச் சிரிப்பான். பிறகு அவனே அவள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தக் கதை இது.

எங்களுடையது விக் கடை. முன்னால் கண்ணாடிகள் பதித்த ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்துதான் வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்ப்பார்கள். பின்னால் நீள மேஜை. அதில் ஆறு பெண்கள் உட்கார்ந்து, கொக்கி ஊசியால் வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவோம். ஒரு தலைக்கு மூன்று வாரம் ஆகும். அந்த மேஜையில் நான் நாற்பத்தோரு வருஷமாக இருக்கிறேன். படிப்பு நாலாம் வகுப்பு. தம்பி முதலாளி. அவன் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. "உங்க சரக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நோயில் முடி இழந்தவர்கள். வரும்போது தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கதவைப் பாதி திறந்து, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். போகும்போது சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தச் சிரிப்பைத் தம்பி படம் எடுக்கச் சொல்லுவான். பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர் வந்து எடுப்பார். முன்பு இப்படி, பின்பு இப்படி என்று இரண்டிரண்டு படமாக முப்பத்தோரு பேருடைய முகம் எங்கள் இணையதளத்தில் வரிசையாக இருந்தது.

இடையில் இயந்திரத்தில் செய்த மலிவு விக்குகள் வந்தன. எங்கள் மேஜையில் வேலை குறைந்தது. ஆறு பேரும் வாரத்தில் மூன்று நாள்தான் வந்தோம். வருஷக் கடைசியில் மேஜையையே எடுத்துவிடலாமா என்று தம்பி யோசித்துக்கொண்டிருந்தபோது, பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நோயாளிகளின் நலப் பிரிவுக்குப் பொறுப்பானவர். என் முடிச்சுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"எங்க நோயாளிகளுக்கு நம்பிக்கையான கடைங்க பட்டியல் ஒண்ணு போடுறோம். உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நோயாளியோட விவரம் உங்ககிட்ட வருது. உங்க தனியுரிமைக் கொள்கையை அனுப்புங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்றார்.

பட்டியலில் பேர் வந்தால் ஆறு பேருக்கும் முழு வேலை. வராவிட்டால் மேஜை போய்விடும். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.

தம்பி ஒரு மணி நேரத்தில் கொள்கையை அனுப்பிவிட்டான். அவன் சுறுசுறுப்பைப் பார்த்து நாங்கள் மெச்சிக்கொண்டோம். மறுநாள் அது சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. தம்பி மனைவி வாங்கி உரக்கப் படித்தாள்:

"எங்கள் வாடிக்கையாளரின் ரோமத்தின் நிறம், தடுப்பூசி போட்ட தேதி, கடைசியாகக் குட்டி போட்ட தேதி ஆகிய விவரங்களைச் சேகரிக்கிறோம்."

மேஜையில் ஊசிகள் நின்றன.

"வாடிக்கையாளர் தொலைந்துபோனால், அவர் கழுத்துப்பட்டையில் உள்ள எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துத் தருவோம்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் வலை ஒன்று கிழிந்தே போனது. எங்கள் இணையதளம் ஆரம்பித்தபோதே ஒரு பிராணி வைத்தியரின் இணையதளத்திலிருந்து கொள்கையை அப்படியே எடுத்து, "செல்லப்பிராணி" என்று வந்த இடமெல்லாம் "வாடிக்கையாளர்" என்று மாற்றிப் போட்டிருக்கிறான்; அதையே படித்துப் பார்க்காமல் அனுப்பியும் இருக்கிறான். நீளமா இருந்துச்சு, நல்லா இருக்கும்னு நினைச்சேன் என்றான். தம்பி மனைவி சிரித்து முடித்ததும் அழுதாள். பிறகு தன் சித்தி மகளுக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் பொடியெழுத்துக்காரி வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தோளில் ஒரு துணிப்பை, காலில் நடந்து தேய்ந்த செருப்பு. கம்ப்யூட்டர் எதிரில் உட்காருவாள் என்று நினைத்தோம். உட்காரவில்லை.

"அத்தான், ஒருத்தர் இந்தக் கடைக்குள்ள வந்தா முதல்ல என்ன எழுதுவீங்க, எதுல எழுதுவீங்க?"

"அளவு அட்டையில. பேரு, போன் நம்பர், தலை அளவு."

"அட்டை எங்க?"

இழுப்பறையைக் காட்டினான். அவள் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து இழுப்பறையின் மேல் ஒட்டினாள். அதில் மூன்று கேள்வி எழுதியிருந்தது. எதற்கு? யார் பார்க்கிறார்கள்? எப்போது கிழிப்பீர்கள்? இப்படியே கடை முழுவதும் போனாள். இணையதளத்தில் ஆர்டர் படிவம், கூரியர் புத்தகம், தம்பியின் போன், முன்னறை நோட்டு எல்லாவற்றுக்கும் மஞ்சள் சீட்டு. இரண்டு நாள் இதே வேலை. எங்கள் தேநீர் டப்பாவுக்கு மட்டும்தான் ஒட்டவில்லை.

"ஏம்மா கொழுந்தியா, நீ கொள்கை எழுத வந்தியா, குடித்தனம் பண்ண வந்தியா?" என்றான் தம்பி.

"உங்களோட குடித்தனம் பண்ண எங்க அக்கா ஒருத்தி போதும் அத்தான். அவ படுறது பத்தாதா? சரி, படிவத்துல பிறந்த தேதி கேட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"எல்லாரும் கேக்கிறாங்க."

"பிறந்த தேதி தெரிஞ்சாதான் தலை அளவு தெரியுமா?"

"இல்ல…"

"அப்ப எடுத்துடுங்க. வேண்டாததை வாங்கினா, அதைக் காவல் காக்கிற வேலையும் உங்க தலையில விழும். பாவம், அங்க ஏற்கெனவே ஒண்ணும் இல்ல."

மேஜையில் ஒருத்தி புரைக்கேறி இருமினாள்.

அந்தப் பிராணி வைத்தியரையும் அவள் விடவில்லை. "அத்தான், அடுத்தவர் எழுத்தைக் கேக்காம எடுத்துட்டு, அதுக்கு அடியிலயே 'இது எங்கள் எழுத்து, யாரும் எடுக்கக்கூடாது'ன்னு வேற போட்டிருக்கீங்க. முதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்று போனைக் கையில் கொடுத்தாள். தம்பி நெளிந்துகொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும் வைத்தியர், "ஐயா, உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். நானும் அதை ஒரு குதிரைப் பண்ணைக்காரர்கிட்ட இருந்துதான் எடுத்தேன்" என்றார். மறு வாரமே அவரும் இவளுக்கு வேலை கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

இவளுக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவள் அக்காள், அதாவது என் தம்பி மனைவி, எனக்கு ஒரு நாள் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கோப்பு அறையில் வேலை. கட்டடத்தின் அடித்தளம், ஜன்னல் இல்லாத அறை. யாருக்கு என்ன நோய், என்ன ஆபரேஷன், எல்லாம் இவள் கையெழுத்தில் அட்டைகளாக இருந்தன. ஒரு மாலை வீட்டுக்குப் போகும் வழியில் வறுத்த கடலை வாங்கியிருக்கிறாள். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே அவள் கையெழுத்து. ஒரு ஆளுடைய பேர், விலாசம், அவர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாரே, அப்படிப்பட்ட ஒரு வியாதி. நிறுவனத்தில் பழைய கோப்புகளைக் கிழிக்காமல் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். இவள் திரும்பிப் போய்க் கடலைக்காரரிடம் இருந்த அத்தனை தாளையும் கெஞ்சி வாங்கி, இரண்டு பையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்திருக்கிறாள். மறுநாள் மேலதிகாரியிடம் கேட்டபோது, "நம்ம கொள்கையில பாதுகாப்பா அழிப்போம்னுதானே போட்டிருக்கு, அப்புறம் என்ன?" என்றாராம். எழுதியிருப்பதை நடந்ததாகவே நினைக்கிற மனுஷனோடு வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அன்றிலிருந்து இந்தத் தொழில்.

அதனால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொள்கையில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கடையில் யாராவது ஒருவர் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாத வாக்கியம் இருக்கக் கூடாது. "அளவு அட்டைகளைப் பூட்டி வைக்கிறோம்" என்று எழுதினாள்.

"தொட்டுக் காட்டுங்க அத்தான்."

இழுப்பறையில் பூட்டு இல்லை. தம்பி தலையைத் தடவினான். பக்கத்துக் கடைக்கு ஓடிப் பூட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டுத் தொட்டுக் காட்டினான். "இரண்டு வருஷம் வராதவர்களின் அட்டையைக் கிழிக்கிறோம்" என்பதற்காக நாங்கள் ஆறு பேரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அட்டை கிழித்தோம். கிழித்த தாள் ஒரு கோணி நிறைய வந்தது. அதைத் தொட்டுக் காட்டினோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதியதை அந்தக் கடையில் குறைவாகப் படித்தவர் யாரோ அவருக்குப் படித்துக் காட்டுவாள். எங்கள் கடையில் அது நான்தான். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்கள் விவரங்களை மூன்றாம் தரப்பினருக்கு வழங்க மாட்டோம், சேவைக்குத் தேவையான சந்தர்ப்பங்களில் தவிர."

"அந்த மூணாவது ஆள் யாரும்மா?" என்றேன்.

"கூரியர்காரர் அண்ணி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க விலாசம் வேணும்ல?"

"அப்ப கூரியர்காரர்னே போடேன். அவர் என்ன கோவிச்சுக்கவா போறார்?"

அவள் பேனாவைத் திறந்தாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, "உங்கள் விலாசத்தைக் கூரியர்காரருக்கு மட்டும் கொடுப்போம்" என்று எழுதினாள். "உங்களை மாதிரி ஒரு ஆள் ஒவ்வொரு ஆபீஸ்லயும் இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம் அண்ணி" என்றாள். என் படிப்பை யாரும் அப்படி மெச்சியதில்லை.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் எல்லாம் சிரிப்பும் கேலியுமாகப் போனது. அன்றைக்குத்தான் படங்களுக்கு வந்தாள்.

"உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் படத்தை வெளியிட மாட்டோம்" என்று எழுதி, "தொட்டுக் காட்டுங்க" என்றாள்.

"அவங்க சிரிச்சுக்கிட்டுதானே நின்னாங்க! நான் என்ன ஒளிஞ்சிருந்தா எடுத்தேன்?"

"சிரிச்சது கண்ணாடியைப் பார்த்து அத்தான். ஊரைப் பார்த்து இல்ல. யார்கிட்டயாவது கேட்டீங்களா, எழுதி வாங்கினீங்களா?"

"இல்ல."

"கீழ 'படங்கள் அனைத்தும் எங்களுக்கே உரிமை'ன்னு போட்டிருக்கீங்க. எடுத்தவர் ஸ்டூடியோக்காரர். அவர் எழுதிக் கொடுத்தாரா?"

"டீ வாங்கிக் கொடுத்தேன்."

"முகம் அவங்களது, படம் அவரது. உங்களது என்ன இருக்கு இதுல? டீ மட்டும்தான்."

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. அவனைச் சின்ன வயசிலிருந்து வளர்த்தவள் நான். கோபம் வந்தால் அவன் குரல் தாழ்ந்துவிடும். "இங்க பாரும்மா. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஆளே வருது. ஆஸ்பத்திரி அம்மாவும் முதல் பக்கத்துப் படத்தைத்தான் அழகா இருக்குன்னாங்க. படத்தை எடுத்தா வெள்ளிக்கிழமை காட்ட என்ன இருக்கு? அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துடு. சிம்பிள்."

"வாக்கியத்தை எடுத்தா ஆஸ்பத்திரி ஒத்துக்காது. படத்தை வச்சுக்கிட்டு வாக்கியத்தையும் வச்சா அது பொய். நான் பொய் எழுதினதில்ல அத்தான். வேற ஆளைப் பாருங்க."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் வாசல் வரைக்கும் போய்விட்டாள். நான் மேஜையிலிருந்து எழுந்து நின்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. "முப்பத்தோரு பேர்தானேடா. போன் பண்ணிக் கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?" என்றேன்.

புதன்கிழமை முழுக்கப் போன் பண்ணினோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பேசியது தம்பி. அவன்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது பேர் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அதில் ஒரு லாரி ஓட்டுநர், "இன்னும் பெரிசாப் போடுங்க, என் மச்சான் பார்க்கட்டும்" என்றார். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேர் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களுடையதையும் 'வேண்டாம்' என்றே கணக்கு வைத்தாள். ஒரு எண்ணில் மகன் பேசினான். அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது என்றான். தம்பி தடுமாறினான். மகனே சொன்னான், "அந்தப் படத்துல அம்மா சிரிக்கிறாங்கண்ணே. அதுக்கப்புறம் எடுத்த எதுலயும் சிரிக்கல. வெப்சைட்டுல வேண்டாம், எனக்கு ஒரு காப்பி கொடுங்க."

கடைசியாக முதல் பக்கத்துப் படம். ஒரு பாட்டு டீச்சர். இடுப்பு வரைக்கும் பின்னல்; அந்த விக் என் கை வேலை. நாலு வருஷம் தவறாமல் எங்களிடம் வந்தவர், எட்டு மாதமாக வரவில்லை. மலிவு விக்குக்குப் போய்விட்டார் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். அவன் விஷயத்தைச் சொன்னதும், "நாளைக்கு நேர்ல வரேன்" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் வந்தார். தலையில் வேறெங்கோ வாங்கிய விக். நெற்றி ஓரத்தில் வலை தெரிந்தது. முன்னறையில் உட்கார்ந்தார். தம்பி வாசற்படியிலேயே நின்றான்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி வகுப்புல ஒரு பொண்ணு போனைக் காட்டி, 'டீச்சர், இது நீங்களா?'ன்னு கேட்டா. முன்னாடி எடுத்த படம். தலையில ஒண்ணுமில்லாத படம். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

மேஜையிலிருந்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க பக்கத்துல கீழ வரைக்கும் தேடினேன். யார்கிட்ட சொல்லணும்னு ஒரு வரி இல்ல. தடுப்பூசி, கழுத்துப்பட்டைன்னு என்னவோ இருந்துச்சு. இவங்களுக்கு நாம மனுஷங்களே இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் வரல."

தம்பி அப்போதுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "தப்பு என்னோடது டீச்சர்" என்றான். வேறொன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று.

பொடியெழுத்துக்காரி டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்க பார்க்கப் பார்க்க எடுத்துடலாம். ஆனா வெப்சைட்டுல மட்டும் எடுத்தா எடுத்ததாகாது. படம் எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் போகணும்" என்றாள்.

அன்றைக்கு முன்பும் பின்புமான அந்த ஜோடிப் படத்தைத் துரத்திக்கொண்டு அவள் அலைந்ததை நான் பார்த்தேன். இணையதளம் ஒன்று. அதைச் செய்து கொடுத்தவரிடம் இருந்த நகல் ஒன்று. தம்பியின் போன், அலமாரியில் கிடந்த அவனுடைய பழைய போன். முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய படம். அதைத் தம்பியே திருகாணி கழற்றி இறக்கினான். விளம்பரத் தாள் ஒரு பெட்டி. எங்கள் கடைப் பையிலும் அதே படம் அச்சடித்திருந்தது. நாங்கள் ஆறு பேரும் கத்தரி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடைசியில் ஸ்டூடியோக்காரரின் கம்ப்யூட்டர். எட்டு இடம்.

ஸ்டூடியோக்காரர் முதலில் முறைத்தார். "என் படத்தை அழிக்கச் சொல்ல நீங்க யாரு?"

"உங்க படம்தான் அண்ணே. அதான் உங்ககிட்ட கேக்கிறேன்" என்றாள். "அத்தானுக்குப் பத்து வருஷமா எடுத்துக் கொடுத்திருக்கீங்க. ஒரு படத்துக்கு அடியிலயாவது உங்க பேரு இருக்கா?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சம்மதம் கொடுத்த பத்தொன்பது பேர் படத்துக்கும் அடியில் எடுத்தவர் பேர் வரும், உரிமை அவருடையது, கடைக்குக் காட்ட மட்டும் அனுமதி என்று இரண்டு வரி எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். டீச்சர் படத்தை அவரே அழித்தார். குப்பைத் தொட்டியிலும் காலி செய்து காட்டினார்.

சாயங்காலம் டீச்சரிடம் கணக்கொப்பித்தாள். "எட்டு இடத்துலயும் போயாச்சு. இணையத்துல தேடுற இயந்திரத்துல மட்டும் பழைய படத்தோட நிழல் ஒண்ணு இருக்கும். எடுக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன், சில நாள் ஆகும். அதுவரைக்கும் எல்லாம் போயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் பக்கம் காலியாக இருந்தது. "மொட்டையா இருக்கே" என்றான் தம்பி. "முதலாளிக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள் அவள். பிறகு ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு, முடிச்சுப் போடும் என் கைகளைப் படம் எடுக்கச் சொன்னாள். எடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"கைக்குக்கூடவா?" என்றேன்.

"கை யாருது அண்ணி?"

நாலாம் வகுப்புக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரி அம்மாள் பத்து மணிக்கு வந்தார். கொள்கை ஒரே பக்கம். போன தடவை போனது பதினேழு பக்கம். இரண்டு தடவை படித்தார். "அட்டைகளைப் பூட்டி வைக்கிறோம்" என்ற இடத்தில் தலையைத் தூக்கினார். எங்களில் ஒருத்தி எழுந்துபோய்ப் பூட்டைத் தொட்டுக் காட்டினாள். கிழித்த தாள் கோணியை இன்னொருத்தி காட்டினாள். கடைசி வரியில், "உங்கள் விவரம் பற்றிக் கேட்கவும் குறை சொல்லவும் இந்த எண்ணில் முதலாளியைக் கூப்பிடுங்கள்" என்று இருந்தது. அம்மாள் தன் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினார். எதிரில் நின்ற தம்பியின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவன் பதறிப்போய் எடுத்து, மூன்றடி தூரத்தில் இருந்தவரிடம், "ஹலோ, சொல்லுங்க" என்றான்.

அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கேட்டார், "முதல் பக்கத்துல ஒரு படம் இருந்துச்சே. ரொம்ப அழகான படம். எங்க?"

தம்பி கொழுந்தியாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவங்க வேண்டாம்னாங்க. நான் கேக்காம போட்டது. எடுத்துட்டேன்."

"எங்க நோயாளி ஒருத்தரும் நாளைக்கு அப்படி வேண்டாம்னா?"

"எடுத்துடுவேன் மேடம். எட்டு இடத்துலேர்ந்தும்."

"அது என்ன எட்டு இடம்?"

அவன் விரல் விட்டு எண்ணிச் சொன்னான். பைகளைக் கத்தரித்தது வரைக்கும் சொன்னான். அம்மாள் குறித்துக்கொண்டார். தேடும் இயந்திரத்தின் நிழல் பாக்கி இருக்கிறது என்பதையும் அவனே சொன்னான். பொடியெழுத்துக்காரி மூலையில் நின்றுகொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பட்டியலில் எங்கள் பேர் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஆறு பேரும் ஆறு நாளும் வந்தோம். அதைவிட எனக்கு நெஞ்சு நிறைந்தது, இரண்டு மாதம் கழித்து டீச்சர் கதவை முழுதாகத் திறந்துகொண்டு வந்து, "என் பின்னல் எங்க?" என்று என்னைக் கேட்டபோது.

அவளுக்கு அதற்கப்புறம் வேலை நிறைய வந்தது. ஒருவர் வந்து நாற்பது பக்கம் வேண்டும், ஆனால் யாருக்கும் ஒன்றும் புரியக்கூடாது என்றாராம். "அதுக்கு நான் எதுக்கு? உங்க பழைய கொள்கையே அப்படித்தானே இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். இன்றைக்கும் அதே துணிப்பை, அதே மஞ்சள் சீட்டு. அவள் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: "நான் எங்க போயிட்டு வரேன்னு சொன்னாலும் தொட்டுக் காட்டுங்கறா அக்கா!"

இந்தக் கதையை எழுதி முடித்ததும் அவளிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளைக் கேட்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும்? அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் மூன்று கேள்வி கேட்டாள்.

"எதுக்கு எழுதினீங்க?"

"நாலு பேருக்கு உன்னைத் தெரியட்டும்னு."

"யார் படிப்பாங்க?"

"யார் கையில கிடைக்குதோ அவங்க."

"எப்போ கிழிப்பீங்க?"

நான் தாளை அவள் கையில் திணித்தேன். அவள் சிரித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். கடலைப் பொட்டலக் கதை இருக்கட்டும் என்றாள். டீச்சரை அவளே போனில் கூப்பிட்டு, அவர் வரும் இடங்களை வரிக்கு வரி படித்துக் காட்டினாள். அவர் சம்மதித்தார், தான் எடுக்கும் பாடத்தை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றியிருக்கிறேன். பிறகு அவளுடைய வீட்டைப் பற்றி நான் ஆசையாக எழுதியிருந்த இரண்டு பத்தியைப் பேனாவால் அடித்தாள்.

"நல்லதாத்தானேம்மா எழுதியிருக்கேன்?"

"நல்லதுதான் அண்ணி. ஆனா அது என்னோடது."

சரி என்று அந்த இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைக்கப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தேன். குப்பைக் கூடையில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து, கூடைக்குள் கையை விட்டு, தொட்டுக் காட்டினேன்.